மடியில் ஒரு காது

"அண்ணாச்சி, முழங்கையை எடுங்க. என் காது கசங்குது."

தூத்துக்குடி பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர், மடியில் சுருட்டி வைத்திருந்த படத்தைக் காட்டி, நின்றுகொண்டிருந்தவரிடம் இப்படிச் சொன்னார். முன் சீட்டுக்காரர் அந்தோணி, கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் சங்கு குளிப்பவர். செவிப்பறையில் ஓட்டை விழுந்ததால் கடலில் இறங்காமல் இருந்தவர். ஓட்டை ஆறியதும், மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட, அந்தக் காதைக் கருவி வழியே உள்ளே பார்த்து வரையச் சொன்னாராம் டாக்டர். வரைந்தவர் பக்கத்திலேயே இருந்தார். சினிமா பேனர் எழுதும் பெயிண்டர்.

"ஓட்டை அடைஞ்சிட்டு, கடலுக்குப் போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. பொறவென்ன சந்தேகம், அந்தோணி?" என்றார் பெயிண்டர்.

"சொந்தக் காதை எவன்லே பாத்தான்? படத்தை விரி."

விரித்தார்கள். பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். டிரைவரைத் தவிர எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"ஏலே, ஓட்டையவே காணோம்! நடிகைக்கு அம்மைத் தழும்பை மறைக்கிற மாதிரி மறைச்சிட்டியா? இதை நம்பி முங்கினா என் சோலி முடிஞ்சிரும்லே."

"நல்லா உத்துப் பாருலே. ஓட்டை இருந்த இடத்துல வெள்ளையா என்ன போட்டிருக்கேன்?"

"தழும்பு."

"இத்தனை வருசத்துல நான் வரைஞ்ச மொதத் தழும்புலே அது!"

அந்தோணி எழுந்து நின்றுவிட்டார்.

"கண்டக்டர் அண்ணாச்சி, வண்டியை விரட்டச் சொல்லுங்க! விடியுமுன்ன நான் தோணி ஏறணும்!"