மலை ஊர்க்காரி கீறிய மீன்

சுல்மிரா: ஐயோ! என்ன சத்தம் அது? வீடே ஆடிப்போச்சு... சிஸ்டர் நொயெமி, மேசைக்கு அடியில என்ன பண்றீங்க?

நொயெமி: கத்தி... கத்தி கீழ விழுந்துடுச்சு சிஸ்டர்.

சுல்மிரா: கத்தி உங்க கையிலதானே இருக்கு!

நொயெமி: ...ஆமா. கிடைச்சிடுச்சு.

மதர் ஒலிந்தா: சுல்மிரா! அடியே சுல்மிரா! ஒரு விசைப்படகு நேரா வந்து நம்ம மிதவைத் துறையில மோதிடுச்சு. காங்கோ சிஸ்டருங்க ரெண்டு பேரு துணி அலசிக்கிட்டிருந்தாங்க, துணியோட சேர்ந்து ஆத்துக்குள்ள!

சுல்மிரா: அடடா! தூக்கியாச்சா?

மதர் ஒலிந்தா: தூக்கியாச்சு. அவங்க பாஷையில திட்டிக்கிட்டிருக்காங்க. ஒண்ணும் புரியல, ஆனா கேக்க நல்லா இருக்கு.

சுல்மிரா: யார் படகு மதர்?

மதர் ஒலிந்தா: ஆத்து மண்ணை உறிஞ்சித் தங்கம் எடுக்கறானுங்களே, அந்தத் தோண்டிக்கப்பல் ஆளுங்க. நாலு பேரு, ரெண்டு துப்பாக்கி. அவங்க சமையல்காரி தங்கத்தைத் திருடிட்டு ஓடிட்டாளாம். கன்னியாஸ்திரி உடுப்பு போட்டு நம்ம கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்காளாம்.

சுல்மிரா: நம்ம கூட்டத்துலயா?

மதர் ஒலிந்தா: இருபது நாட்டு சிஸ்டருங்க வந்து குவிஞ்சிருக்காங்க. ஒருத்தி பேசறது இன்னொருத்திக்குப் புரியல. கூட்டம் நடத்தற எனக்கே யாரு யாருன்னு தெரியல... சாயங்காலம் அரசு வக்கீல் படகு வருது, தங்கம் பிரிக்க இவனுங்க ஆத்துல பாதரசம் கலக்கறதைப் பத்தி விசாரிக்க. அவர் முன்னால தேடுங்கன்னு சொன்னேன். அவர் வர்றதுக்குள்ள தேடணுமாம்!

சுல்மிரா: அப்ப திருட்டுப் பொருளைத் தேடி வரல. திருடினவ வாயை மூட வந்திருக்கானுங்க.

மதர் ஒலிந்தா: அதேதான் எனக்கும் தோணுச்சு... ஆமா, அதுல ஒருத்தன் உன்னைப் பேர் சொல்லிக் கேட்டான். சுல்மிரா கையால காப்பி வேணுமாம்.

சுல்மிரா: என் பேரைச் சொல்லியா?

மதர் ஒலிந்தா: என்னடி முழிக்கிற?

சுல்மிரா: இந்த ஆத்துல என் காப்பி குடிக்காதவன் யாரு மதர்? கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன். சிஸ்டர் நொயெமி, நீங்க மீனைப் பாருங்க. எண்பது வாய் காத்துக்கிட்டிருக்கு.

நொயெமி: சரி சிஸ்டர்.

. . .

சுல்மிரா: வந்துட்டேன். குடிச்சுட்டு இப்ப கோயில் பக்கம் போயிருக்கானுங்க. மதர் கூடவே போயிருக்காங்க... இருங்க, கதவைத் தாழ் போட்டுடறேன்.

நொயெமி: எதுக்கு சிஸ்டர் தாழ்?

சுல்மிரா: ஈ வருது.

நொயெமி: ஈ சன்னல் வழியாத்தான் வருது. அதே சன்னல் வழியா நானும் பாத்தேன். நீலத் தொப்பிக்காரன் உங்க முன்னால தலையைக் குனிஞ்சான். நீங்க அவன் தலையில கை வச்சீங்க.

சுல்மிரா: ஆசீர்வாதம் கேட்டான். எங்கிட்ட கேக்காம, பெட்ரோல் கடைக்காரன்கிட்டயா கேப்பான்?

நொயெமி: துப்பாக்கி தூக்கறவனுக்கு ஆசீர்வாதமா?

சுல்மிரா: அவனுக்குத்தான் அதிகமாத் தேவைப்படுது... அதை விடுங்க. உங்களுக்கு எந்த ஊரு?

நொயெமி: பொலிவியா. ஒருரோ.

சுல்மிரா: மலை மேல?

நொயெமி: மலை மேல. நல்ல குளிர்.

சுல்மிரா: மீன் கிடைக்குமா அங்க?

நொயெமி: டப்பாவுல வரும்.

சுல்மிரா: டப்பா மீனைத்தான் இப்படிக் கீறுவீங்களா?

நொயெமி: எப்படி...?

சுல்மிரா: ஜராக்கி மீனுக்கு உள்ள முழுக்க முடி மாதிரி முள்ளு. நேத்து இத்தாலி சிஸ்டர் அப்படியே வறுத்துட்டாங்க, மூணு பேருக்குத் தொண்டையில குத்திடுச்சு. போலந்து சிஸ்டர் கிடுக்கி வச்சு ஒவ்வொண்ணாப் பிடுங்கினாங்க, கடைசியில மீனே மிஞ்சல. நீ என்னடான்னா ரெண்டு பக்கமும் நெருக்க நெருக்கமா கீறி, உள்ள இருக்கற முள்ளைப் பொடியாக்கி வச்சிருக்க. அதுவும் சன்னலைப் பாத்துக்கிட்டே! இந்தக் கரையில பொறந்தவளுக்குத்தான் அந்தக் கை வரும். யாரு நீ?

நொயெமி: ஒருத்தங்க... கத்துக் குடுத்தாங்க...

சுல்மிரா: காலையில ஜெபத்துல வாயை மட்டும் அசைச்ச. உன் பொலிவியா சிஸ்டருங்களைக் கூப்பிடவா?

நொயெமி: கூப்பிடுங்க. அவங்கதான் என்னை ஆத்துலேர்ந்து தூக்கினாங்க. வழியில காய்ச்சல்னு இறங்கிட்ட சிஸ்டரோட உடுப்பு இது, பேரும் அவங்களுது. என் பேரு ஜுராசி.

சுல்மிரா: அந்தச் சமையல்காரி...

நொயெமி: தங்கத்தை நான் தொட்டதே இல்ல. பாக்கக் கூடாத ஒண்ணைப் பாத்துட்டேன்.

சுல்மிரா: இத்தனை பேர் இருக்கோமே, எங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?

நொயெமி: யாருகிட்ட சொல்றது? இந்த ஆத்துல எந்த வீட்டைத் தொட்டாலும் அந்தக் கப்பல்ல வேலை செய்யறவன் ஒருத்தன் இருக்கான். இப்பக்கூட... நீங்க தாழ் போட்டது அவனுங்க வர்ற வரைக்கும் என்னைப் பிடிச்சு வைக்கத்தானே?

சுல்மிரா: கத்தியை மேசை மேல வை.

நொயெமி: மாட்டேன்.

சுல்மிரா: சரி, வச்சுக்க. என்னத்தைப் பாத்த? அதைச் சொல்லு.

நொயெமி: எலியெசர்னு ஒருத்தன். வாயில காத்துக் குழாயைக் கவ்விக்கிட்டு ஆத்தடிக்குப் போய் மண்ணை உறிஞ்சறவன். சிஸ்டருங்க கூட்டத்துக்கு வக்கீல் வராரு, நான் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன்னு குடிச்சுட்டு உளறிட்டான். மறுநாள் அவன் அடியில இருக்கும்போது, மேலேர்ந்து குழாயை அறுத்துட்டாங்க.

சுல்மிரா: எஞ்சின் விசிறியில சிக்கி அறுந்திருக்கும்... அப்படி நடக்கறது உண்டே.

நொயெமி: விசிறி ஓடவே இல்ல.

சுல்மிரா: தூரத்துலேர்ந்து பாத்திருப்ப. இருட்டா இருந்திருக்கும்...

நொயெமி: பட்டப்பகல் சிஸ்டர். அவனுக்குச் சோறு எடுத்துக்கிட்டு நான்தான் பக்கத்துல நின்னேன். கீழேர்ந்து இடுப்புக் கயித்தை இழுத்தான். இழுத்தா தூக்கணும்னு அர்த்தம். மறுபடியும் இழுத்தான். அறுத்தவன் கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னான். அது அடங்கற வரைக்கும் நின்னான்.

சுல்மிரா: எவன்?

நொயெமி: நீலத் தொப்பி. வால்தெசீர்.

சுல்மிரா: வால்தெசீரா?

நொயெமி: ஆமா. எதுக்கு சிஸ்டர் சன்னலைச் சாத்தறீங்க?

சுல்மிரா: கேளு ஜுராசி. மனாவுஸ் பட்டணத்துல எங்க சபை ஆஸ்பத்திரி இருக்கு. வேலை வாங்கித் தரேன். இப்பவே போயிடு. வக்கீலும் வேணாம், சாட்சியும் வேணாம்... செத்தவன் திரும்பி வரப் போறானா?

நொயெமி: நீங்களா இப்படிப் பேசறீங்க? நேத்து கூட்டத்துல எழுந்து, பயப்படாம வாயைத் திறங்கன்னு சொன்னது நீங்கதானே?

சுல்மிரா: ...நான்தான்.

நொயெமி: எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அதை நம்பித்தான் இன்னிக்குப் பேச உக்காந்திருக்கேன்.

மதர் ஒலிந்தா: சுல்மிரா! கதவைத் திற! கோயில்ல தேடிட்டானுங்க, சாப்பாட்டுக் கூடத்துல நிக்கறானுங்க. அடுத்தது சமையலறையாம்!

சுல்மிரா: அடுப்புல எண்ணெய் பொங்குது மதர்! அஞ்சு நிமிஷம் பிடிச்சு வைங்க!

மதர் ஒலிந்தா: எப்படிப் பிடிச்சு வைக்கறது?

சுல்மிரா: காங்கோ சிஸ்டருங்களைப் பாடச் சொல்லுங்க. அவங்க ஆரம்பிச்சா லேசுல நிறுத்த மாட்டாங்க!

மதர் ஒலிந்தா: அது சரி... அது சரி!

சுல்மிரா: ஜுராசி, இங்க வா. அந்தப் பின்கதவு... படியில இறங்கினா கீரைக்காரியோட ஓடம் கட்டியிருக்கு. துடுப்பு போடத் தெரியும்ல... உங்கிட்ட போய்க் கேக்கறேன் பாரு. மரத்தடியை ஒட்டியே வளைவு வரைக்கும் போ. வக்கீல் படகு அங்கதான் திரும்பும். கையைக் காட்டி நிறுத்து.

நொயெமி: அவர்கிட்ட... அந்தப் பேரைச் சொல்லட்டுமா சிஸ்டர்?

சுல்மிரா: சொல்லு. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னதையும் சொல்லு. ஒண்ணையும் விட்டுடாத.

நொயெமி: நீங்களும் வாங்க. அந்த வால்தெசீர் உள்ள வந்து கேட்டா என்ன பண்ணுவீங்க?

சுல்மிரா: இங்க யாரும் இல்லைன்னு சொல்லுவேன்.

நொயெமி: அவன் எப்படி நம்புவான்?

சுல்மிரா: நம்புவான். அம்மா செத்தப்புறம் அவனைத் தூக்கி வளத்தவ நான்... இதுவரைக்கும் என் தம்பிகிட்ட ஒரு பொய் சொன்னதில்ல.