பதினான்காம் அறையில் நான்கு பேர்

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய ஆள் தேட வேண்டாம், ஐயா. நானே கைப்பட எழுதித் தருகிறேன். என் எழுத்து படிக்கத் தெளிவாக இருக்கும். மல்லாங்கிணற்றில் பள்ளியில் படிக்கும்போதே, வகுப்பில் இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கரும்பலகையில் எழுதுகிற வேலையை வாத்தியார் என்னிடம்தான் கொடுப்பார்.

பெயர் நவநீதகிருஷ்ணன். ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டாசு யூனிட்டில் பதினொரு வருடமாகக் கணக்கப்பிள்ளை. கணக்கப்பிள்ளை என்றதும் ரொக்கப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முதலாளியின் மைத்துனர் இருக்கிறார். என் பொறுப்பு ஆட்கள். யார் வந்தார்கள், எந்த அறையில் உட்கார்ந்தார்கள், யாருக்குக் காயம், யாருக்கு நோய். வருடக் கடைசியில் இதையெல்லாம் ஒரே தாளில் அடக்கி அனுப்புவேன். அது மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போய், நூல் மில், தோல் பதனிடும் ஆலை, கல்குவாரி எல்லாவற்றோடும் சேர்ந்து மாநிலத்தின் அட்டவணையாகி வரும். எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு அடிபட்டது, எத்தனை பேர் நோயில் விழுந்தார்கள் என்று அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் பேசுகிறார்கள். அதற்குள் போகிற எண்களை என்னைப் போன்றவர்கள் செய்து அனுப்புகிறோம்.

முதல் வருடம் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதினேழு. விரல் நுனி கருகியவர்கள், கண்ணில் வெடிமருந்து தெறித்தவர்கள், உள்ளங்கை வெடித்துச் சீழ் வைத்தவர்கள், இருமலில் படுத்தவர்கள். பக்கத்து யூனிட்காரன் சைபர் என்று எழுதினான். அவனிடம் எங்களைவிட இரண்டு மடங்கு ஆட்கள். அதிகாரிகள் எங்கே வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்களிடம்தான் வந்தார்கள். பதினேழு காயம் எழுதியவன் ஆபத்தானவன், சைபர் எழுதியவன் யோக்கியன் என்பது அவர்கள் படித்த படிப்பு. இரண்டு மாதம் யூனிட்டுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் என் வீட்டு வாசலில் இருபது பெண்கள் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் பாண்டிலட்சுமி. மருந்து நிரப்புகிறவர்களில் கை வேகமானவள், வாய் அதைவிட வேகம்.

"நல்லா இருப்பீக சார். உண்மைய எழுதி எங்க வாயில மண்ண அள்ளிப் போட்டுட்டீகளே. காயம் எங்க கையில இருக்கு. உங்களுக்கு எங்கன வலிக்குது?"

தெருவே வேடிக்கை பார்த்தது. என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அதிகாரிகள் மேல் என்றுதான் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நான் வேலையைக் கற்றுக்கொண்டேன். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் வேலைக்கு வராமல் இருந்தால்தான் அந்தக் காயத்தை மேலே தெரிவிக்க வேண்டும். அதற்குள் வந்துவிட்டால் அது காயமே இல்லை. ஊர்க்காவலன் என்று ஒருவன், முழங்கை வரைக்கும் வெந்துபோனவன். மூன்றாம் நாள் காலை வேனை அவன் வீட்டுக்கே அனுப்பி, கட்டுப் போட்ட கையோடு ஏற்றிவந்து, வேப்பமரத்தடியில் உட்காரவைத்தேன். மோர் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். நாள்பட இது வழக்கமாகிவிட்டது. "இன்னைக்கு எனக்கு உக்கார்ற முறை" என்று பெண்களே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். சீசன் நாட்களில் அந்த மரத்தடியில் மூன்று நான்கு பேர் கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள்.

வருகைப் பதிவேட்டையும் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினேன். எங்கள் போர்மேன் சங்கிலிமுத்து ஒருநாள் கேட்டார். "ஏன் அண்ணாச்சி, காலையிலயே எழுதிட்டா சோலி முடிஞ்சிரும்ல?"

"காலையில எழுதுனா வந்தவுக பேரு இருக்கும். சாயங்காலம் எழுதுனா வீட்டுக்குப் போறவுக பேரு மட்டும் இருக்கும்" என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மூன்று வருடம் தொடர்ந்து சைபர். பிஸ்கட் கம்பெனியில்கூட எங்களைவிட அதிகம் பேருக்கு அடிபட்டிருக்கிறது. பாதுகாப்பு வாரத்தில் மேடையேற்றிக் கேடயம் கொடுத்தார்கள். கைதட்டியவர்களில் அன்று எங்களுக்குச் சீல் வைத்த அதிகாரியும் ஒருவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சாப்பிட உட்கார்ந்தவன் குனிந்து பார்க்காவிட்டால் தாராளமாக மறைக்கலாம்.

ஒரே ஒருத்தி குனிந்து பார்த்தாள். புள்ளிவிவரத் துறையிலிருந்து வந்த வேல்விழி என்ற அதிகாரி. சின்ன வயது. போன ஜனவரியில் வந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "நோய்க் கட்டம் எல்லா வருஷமும் காலியாவே இருக்கே?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வெளியே குழாயடியில் பாண்டிலட்சுமி இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு வருடமாக அந்த இருமல். தொடர்ந்து மூன்று, மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு. வேல்விழி எழுந்துபோய் அவளைப் பார்த்தார். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் டாக்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரமே பாண்டிலட்சுமியைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். உடல்நிலை காரணமாகத் தானே விலகிக்கொள்வதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினேன். படித்துப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தாள். பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள்.

"வீட்டுல சும்மா கெடந்தா இருமல் நின்னுருமா சார்? ஏதாச்சும் சோலி குடுங்க."

"வேன்ல ஏறி வா. ஆனா பட்டியல்ல உன் பேரு இருக்காது" என்றேன்.

அவள் சிரித்தாள். "பேரா வந்து மருந்து நெரப்பப் போகுது? நானுல்ல நெரப்பப் போறேன்."

டாக்டர் வந்த அன்று அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் எங்கே என்று கேட்ட வேல்விழியிடம் அந்த விலகல் தாளைக் காட்டினேன். பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் பரிசோதித்தார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இதில் நான் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். நோயுள்ளவள் பட்டியலில் இல்லை. ஆகவே பட்டியலில் நோய் இல்லை. வேல்விழியும் அதைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

இனி நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன். செப்டம்பர். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. காலை பதினொன்று இருபதுக்குப் பதினான்காம் அறை வெடித்தது. சட்டப்படி ஒரு அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம். அன்று ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது ஆள் பாண்டிலட்சுமி. காலையில் அவளை அங்கே உட்காரச் சொன்னது நான்.

எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். சங்கிலிமுத்து புகையைப் பார்த்து ஓடினார். நான் ஓடவில்லை. மேசையில் உட்கார்ந்து, அன்றைய பக்கத்தைத் திறந்து, பதினான்காம் அறைக்கு நேராகப் பெயர்களை எழுதினேன். என் வேலை அதுதான். நான்கு பெயர் எழுதியதும் பேனாவை மூடினேன். ஐந்தாவது எழுதவும் இடம் இருந்தது. எழுதியிருந்தால் நான்கு பேர் என்கிற விதியை நாங்கள் மீறியதாகியிருக்கும், உரிமம் போயிருக்கும். முந்நூறு குடும்பம். மறுபடியும் என் வாசலில் வந்து நிற்பார்கள்.

தீயணைப்பு நிலைய அதிகாரி வந்ததும் முதல் கேள்வியே, "உள்ள எத்தனை பேர்?" என்பதுதான். பதிவேட்டை அவர் முன்னால் விரித்துக் காட்டி, நான்கு என்றேன். ஒன்றரை மணி நேரத்தில் நான்கு உடல்களையும் எடுத்துவிட்டார்கள். "எண்ணிக்கை சரியா வந்துருச்சு. உள்ள இன்னும் மருந்து கெடக்கு, எப்ப வேணாலும் வெடிக்கும். ஆள் இருந்தா எறங்கலாம். இல்லாத எடத்துக்கு என் பசங்கள அனுப்ப மாட்டேன்" என்று அவர் தன் ஆட்களை வெளியே வரச் சொன்னார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. என் எண்ணை நம்பினார்.

அப்போதுதான் ராக்கப்பன் வந்தான். பாண்டிலட்சுமியின் புருஷன், நாரணாபுரத்தில் ஒரு யூனிட்டில் லோடு ஏற்றுகிறவன். ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்த நான்கையும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நேரே அதிகாரியிடம் வந்தான்.

"அய்யா, இதுல என் வீட்டுக்காரி இல்ல. அவ ஒசரம் எனக்குத் தெரியாதா? காலையில வேன்ல ஏத்திவிட்டதே நான்தான். உள்ளதான்யா இருக்கா."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டி, ஜனவரியில் அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். "இந்தம்மா வேலைய விட்டு எட்டு மாசம் ஆச்சு, சார்."

ராக்கப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சார், நீங்கதான பேரில்லாம வரச் சொன்னீக. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எந்தத் தாளுல வேணாலும் கையெழுத்துப் போடுதேன். அவ உள்ள இருக்கான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

"ராக்கப்பா, உன் பொண்டாட்டி காலையில எங்க கெளம்பிப் போனான்னு என்னையக் கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அதன்பிறகு அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் வசவு. போலீஸ்காரர்கள் அவனைக் கேட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

சங்கிலிமுத்து அங்கே இல்லை. இரண்டு கையும் வெந்து சாத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். மற்றவர்கள் சொல்லவில்லை. யூனிட் மூடிவிடும் என்று அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான் மட்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மணிக்கு, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட என்னைப் பின்சுவர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். கான்கிரீட் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. அதற்கு அடியிலிருந்து இருமல் கேட்டது. மூன்று, ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு. பத்தடி தூரத்தில் தண்ணீர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என்னைத் தவிர யாருக்கும் அது கேட்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது கேட்கும்.

ஒரு தீயணைப்பு வீரர் வந்து, "பம்ப நிறுத்திரலாமா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். மருந்து நல்லா நனையட்டும். அதான் பாதுகாப்பு" என்று நான் சொன்னேன்.

சாயங்காலம் வரை ஓடியது.

அந்த நேரம் முந்நூறு குடும்பத்தை நினைத்ததாக முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். நான் நினைத்தது என் வீட்டு வாசலை. ஒரே ஒரு தடவை உண்மையை எழுதினேன். அதற்காகத் தெருவே பார்க்க என்னைக் கேள்வி கேட்டவள் இவள்தான். இன்றைக்கு இவளுக்காக மட்டும் நான் உண்மை பேச வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கோபம் அதிகாரிகள் மேல் இல்லை, ஐயா. அவள் மேல்தான் இருந்திருக்கிறது, இத்தனை வருடமும்.

மறுநாள் காலை இடிபாட்டை அள்ளும்போது அவளை எடுத்தார்கள். பாதத்தில் மட்டும்தான் தீக்காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மாலை ஐந்து, ஆறு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்குமாம்.

இப்போது முதலாளி எல்லாம் கணக்கப்பிள்ளை செய்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். கேடயம் கொடுத்தவர்கள் அப்படி ஒரு விழாவே நடக்காதது போல் பேசுகிறார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மூன்று வருடம் அந்த சைபரை வாங்கி வாங்கி மேலே அனுப்பியவர்களில் ஒருவர்கூட, மருந்தோடு மருந்தாக முந்நூறு பேர் உழலும் இடத்தில் ஒரு கொப்புளம்கூட வரவில்லையா என்று கேட்கவில்லை. கேட்ட ஒரு பெண்ணுக்கும் டாக்டர் சான்றிதழ் போதுமானதாக இருந்தது.

நீங்கள் தயாரித்த குற்றச்சாட்டுத் தாளைப் படித்தேன். நான்கு பத்திகள். உயிரோடு இருப்பது தெரிந்தும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புருஷனிடம் பொய் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். பம்பை ஓடவிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பாண்டிலட்சுமியைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதிவேட்டில் தவறாக எழுதினேன் என்கிற நான்காவது பத்தியை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அன்று பதினான்காம் அறையில் நான்கு பேர்தான் இருந்தார்கள்.