உறையக் கூடாத ஜின்

— கரண்டியால குத்தாதே அக்கா. மேல இருக்கிற கொழுப்பு உடையாம முழுசா வரணும். ஜாடி ஓரத்துல கத்தியை விட்டு மெதுவா ஒரு சுத்து சுத்து.

— இரு, இரு, வருது. ஐயோ ஆண்டவரே, மூடி மாதிரி அப்படியே கழண்டு வருதே! நேத்து நீ ஊத்திக் குலுக்கினப்போ வாய்க்கால் தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்தது. இப்போ பாரு ஹார்லன், மேல வெள்ளை, கீழ தேன் நிறம். இது எப்படிடா?

— குளிர் செய்யுற வேலை. சூட்டுல கொழுப்பு விஸ்கியைக் கட்டிப் பிடிச்சுக்கும். குளிர்ல இறுகி மேல வந்து நின்னுடும். வாசனையை மட்டும் கீழ விட்டுட்டு வரும். மோந்து பாரு.

— பான்கேக். நம்ம சர்ச் அடித்தளத்துல ஆம்பிளைங்க சேர்ந்து பான்கேக்கும் பேக்கனும் சுடுவாங்களே, அந்த வாசம் அப்படியே. ஏன்டா, சிகாகோலேருந்து வர்ற சம்பந்தி வீட்டுக்காரங்க இதையா குடிப்பாங்க? பன்னி வறுத்த சட்டியைக் கழுவின தண்ணியை?

— லூயிவில் ஓட்டல் பார்ல நான் கலக்கிக் கொடுத்த காலத்துல இந்தத் தண்ணிக்கு வரிசை கட்டி நின்னாங்க. மாப்பிள்ளை மைக்காவோட அப்பா எப்பவோ அங்க வந்தப்போ குடிச்சிருக்கார். "உங்கப்பா கையால இன்னொரு தடவை கிடைக்குமா"ன்னு அவரேதான் டெஸ்ஸாகிட்ட கேட்டிருக்கார். மகள் கல்யாணத்துக்கு நான் வேற என்ன கொடுக்கப் போறேன், சொல்லு?

— அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியும்ல? "அத்தை, சாமான் எல்லாம் உங்க வீட்டுலயே வெக்கறேன். இருமல் மருந்துகூட சாராயம் இல்லாததா பார்த்து வாங்குற வீடு உங்க வீடு ஒண்ணுதான். அப்பா கலக்கட்டும். நீங்க கூடவே நில்லுங்க. ஒரு சொட்டு அவர் வாய்க்குப் போனாலும் நாளைக்கு அவருக்குப் பதிலா டுவைட் மாமா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் சர்ச்சுக்குள்ள நடப்பேன்." இதான் சொன்னா.

— எனக்கும் இதையேதான் சொன்னா. ஒரு வார்த்தை மாறல.

— உனக்குப் பயமா இல்லையா தம்பி? இவ்வளவு கிட்டத்துல வெச்சுக்கிட்டு?

— கைக்கு வேலை இருக்கிறப்போ பயம் இல்ல அக்கா. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தான் ஆகாது. துணியை விரி, வடிகட்டுவோம். பிழியாதே, பிழிஞ்சா கொழுப்பும் சேர்ந்து இறங்கிடும். அதுவா சொட்டட்டும்.

— இந்தக் கொழுப்பை என்ன பண்றது? தூக்கிப் போடறதா?

— போட்டா பாவம். சோள ரொட்டி சுடு. பாஸ்டர் வந்தா முதல் துண்டுக்கு ஜெபம் பண்ணுவார், ரெண்டாவது துண்டுக்குப் பாடவே ஆரம்பிச்சிடுவார்.

— வாயைப் பாரு! அவர் நல்ல மனுஷன்டா. சரி, இது எல்லா பேக்கன்லயும் வருமா? கடையில பாக்கெட்ல இனிப்புப் போட்டு விக்கிறானே?

— அது ஆகாது. சர்க்கரை கருகும், விஸ்கில கசப்பு ஏறும். ஹிக்கரி கட்டையில புகை போட்டதுதான் வேணும். தீயைக் குறைச்சு வெச்சு பொறுமையா உருக்கணும். இப்போ கேளு அக்கா, எனக்கு ஒரு நாக்கு வேணும்.

— என் நாக்கா? திருவிருந்துலகூட திராட்சை ஜூஸ் குடிக்கிற பாப்டிஸ்ட் நாக்குடா இது!

— அதனாலதான் கேக்கறேன். பழகாத நாக்கு பொய் சொல்லாது. கரண்டி நுனியில கொஞ்சம் எடு, வாயில உருட்டு, தொட்டியில துப்பிடு. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் மூக்கால பார்த்துக்கறேன்.

— கல்யாணத்துக்காகன்னா கர்த்தர் கண்டுக்க மாட்டார். கொடு... ம். முதல்ல புகை. அப்புறம் உப்பு. அப்புறம், என் வீட்டுக்காரர் கிளைட்டோட தோல் ஜாக்கெட் மழையில நனைஞ்சா அடுப்புப் பக்கத்துல காயப் போடுவேனே, அந்த நெடி. கடைசியில தொண்டையில ஒரு இனிப்பு.

— தொண்டையிலயா? துப்பச் சொன்னேனே.

— வழுக்கிடுச்சுடா.

— சரி. மேப்பிள் பாகு எப்படி? கம்மியா, ஜாஸ்தியா?

— பாகு சரி. அந்தக் கசப்புச் சாறு இன்னும் ரெண்டு சொட்டு விடு. ஆரஞ்சுத் தோலை மேல பிழிஞ்சா நல்லது. இப்போ பாகும் விஸ்கியும் அறிமுகமே இல்லாத மாதிரி தனித்தனியா நிக்குது. என்னடா அப்படிப் பார்க்கற?

— இல்ல, நானும் ரெண்டு சொட்டுன்னுதான் நினைச்சேன்.

— கிரேவிக்கு உப்புப் பார்க்கறவளுக்கு இது தெரியாதா? இன்னொரு கரண்டி கொடு, சரியாச்சான்னு பார்க்கறேன்.

— வேண்டாம், சரியாயிருக்கும். அடுத்தது ஜின் மார்ட்டினி. டெஸ்ஸாவுக்கு இதுதான் இஷ்டம், இனிப்பே இருக்கக் கூடாது. உன் வெண்டைக்காய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டா. காய் வேண்டாம், தண்ணி போதும்.

— கவுண்டி திருவிழாவுல முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கின ஊறுகாய்டா அது! அதைப் போய்ச் சாராயத்துல ஊத்தறியா?

— நாளைக்கு சிகாகோக்காரங்க உன் ஊறுகாய்த் தண்ணிக்கு எழுந்து நின்னு கை தட்டுவாங்க, பாரு. சதகுப்பைக்கீரை, பூண்டு, மிளகாய், வினிகர், எல்லாத்தையும் நீயே அளந்து போட்டு வெச்சிருக்க. நான் புதுசா ஒண்ணும் பண்ணப் போறதில்ல.

— உப்பைப் போய் யாராவது குடிப்பாங்களா?

— இனிப்பு சீக்கிரம் சலிச்சிடும். உப்புன்னா சாப்பாட்டு நினைப்பு வரும், பேச்சு வரும். ஆலிவ் காய்க்குள்ள நீலச் சீஸை அடைச்சு ஒரு குச்சியில குத்தி வெச்சா பாதிச் சாப்பாடே ஆச்சு. வெர்மூத் ஒயின் எங்க?

— ஃப்ரிட்ஜ்ல. திறந்ததை வெளியில வெச்சா கெட்டுப் போயிடுமே.

— அது உனக்கு யார் சொன்னா?

— பாட்டில்ல போட்டிருக்கும்டா, எனக்குப் படிக்கத் தெரியாதா? நீ ஒண்ணு சொல்லு. நீ குடிச்ச காலத்துல எது ரொம்பப் பிடிக்கும்? பேக்கனா, உப்பா?

— எதுவும் இல்ல அக்கா. மத்தவங்களுக்குக் கலக்கறப்போதான் ருசி தெரியும். எனக்குன்னு ஊத்திக்கறப்போ ருசியே கிடையாது. பாட்டில்ல இன்னும் எவ்வளவு இருக்குங்கிற கணக்கு மட்டும்தான் ஓடும்.

— ...ஆமா.

— என்ன ஆமா?

— அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். ஜின் வேணும்னியே. ஃப்ரீசர்ல மான் கறிக்குப் பின்னால இருக்கு. செவ்வாய்க்கிழமை டெஸ்ஸா வெச்சுட்டுப் போனது. நீயே எடுத்துக்க.

— சீல் உடைஞ்சிருக்கே.

— நான்தான். வாசனை எப்படி இருக்கும்னு ஒரு ஆசை. சும்மா திறந்து மூடினேன்.

— பரவாயில்ல... அக்கா.

— என்னடா?

— சாய்க்கறேன், கட்டி கட்டியா விழுது. உள்ள பூரா ஐஸ்.

— அந்த ஃப்ரீசர் பொல்லாதது! கிளைட் மான் கறிக்குன்னே வாங்கினது. போன வாரம் ஐஸ்கிரீமைச் சுத்தியலால உடைச்சேன்னா பார்த்துக்கயேன். என்ன, கெட்டுப் போச்சா?

— இல்ல. பெரிய ஃப்ரீசர். அப்படித்தான் இருக்கும். நீ உட்காரு.

— உட்காருன்னா? மார்ட்டினிக்கு நாக்கு வேண்டாமா?

— வேண்டாம்.

— ஒரே ஒரு கரண்டிடா. உப்பு எப்படின்னு பார்த்துச் சொல்றேன்.

— போதும்னேன்ல அக்கா.

— கத்தாதே. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?

— கத்தல. காபி போட்டுத் தர்றேன், குடி. ராத்திரி தூங்கினியா?

— கல்யாண வீட்டு அலைச்சல், வேற என்ன?

— சாயங்காலம் ஆனா இந்த வீட்டுல தனியா என்ன பண்ணுவ?

— என்ன பண்ணுவேன்? டிவி பார்ப்பேன். ஞாயித்துக்கிழமை கொயர் பாட்டைப் பியானோவுல வாசிச்சுப் பழகுவேன். இதெல்லாம் திடீர்னு ஏன் கேக்கற?

— முன்னாடியே கேட்டிருக்கணும். கேக்கல. அக்கா, என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லு. நான் யாருன்னு உனக்குத் தெரியும். நான் உன்னைத் தப்பா நினைக்கிற இடத்துல இல்ல.

— ஒண்ணும் இல்லடா. சொல்ல என்ன இருக்கு? அதோ, டெஸ்ஸா கார் வந்துடுச்சு. முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்க.

— அப்பா! அத்தை! வாசல் வரைக்கும் வாசனை தூக்குது! எங்க, முதல்ல அந்த பேக்கனைக் கொடுங்க.

— ஐஸ் போட்டு நல்லா ஆத்திக் குடிம்மா டெஸ்ஸா. அவசரப்படாதே.

— ம்ம்... அப்பா. அதேதான். நீங்க வேலை முடிச்சு வர்றப்போ சட்டையில இருக்கிற வாசனை. மைக்காவோட அப்பா நாளைக்கு அழுதுடப் போறார். சரி, இப்போ உண்மையைச் சொல்லுங்க. தொட்டீங்களா?

— தொடலை.

— அத்தை?

— கர்த்தர் சாட்சிம்மா, இவன் மேலேருந்து நான் கண்ணை எடுக்கவே இல்ல. கரண்டி என் வாய்க்குத்தான் வந்தது.

— அப்போ அந்தச் சாம்பல் கோட்டைத் தேச்சு வைங்கப்பா. நாளைக்கு சர்ச் வாசல்ல உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் நிப்பேன். அழக் கூடாது, நீங்க அழுதா என் மை கரைஞ்சிடும். இது மார்ட்டினிக்கா? ஜின்... இது என்ன?

— ஐஸ்மா. அந்த ஃப்ரீசர் பொல்லாதது, போன வாரம்கூட...

— ஜின் உறையாது அத்தை. எந்த வீட்டு ஃப்ரீசர்லயும் உறையாது. பாதியைக் குடிச்சுட்டு, குறைஞ்சது தெரியக் கூடாதுன்னு தண்ணியை ஊத்தி வெச்சாத்தான் இப்படி ஐஸ் கட்டும். எனக்கு இது ஒன்பது வயசுலயே தெரியும். அம்மா பாட்டிலைத் தூக்கிக் காட்டினப்போ இவரும் ஃப்ரீசர் மேலதான் பழியைப் போட்டார்.

— டெஸ்ஸா, கேளும்மா...

— நீங்க இவருக்காகப் பேசாதீங்க அத்தை. எப்போப்பா? நேத்து கொழுப்பு ஊத்த வந்தப்போவா? அத்தை முகம் கழுவப் போயிருப்பாங்க, அந்த நேரம் போதும் உங்களுக்கு.

— நான் தொடலைன்னு சொன்னேன்மா. அதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல.

— அப்போ தண்ணி ஊத்தினது யாரு?

— அதை என்கிட்ட கேக்காதே.

— பார்த்தீங்களா? அப்பவும் இதேதான். கேட்டா தரையைப் பார்ப்பீங்க. நான்தான் பைத்தியம். இவ்வளவு நாள் குடியை விட்டிருக்காரே, நாளைக்கு இவர் கையைப் பிடிச்சு நடக்கலாம்னு ராத்திரி பூரா கனவு கண்டேன் பாருங்க.

— உனக்கு எது நிம்மதியோ அதைச் செய் டெஸ்ஸா. கடைசி பெஞ்சுல ஓரமா உட்கார்ந்து பார்க்க மட்டும் விடு.

— டுவைட் மாமாவுக்கு இப்பவே போன் பண்றேன். கோட்டு இருக்கான்னு கேக்கணும்.

— போனை வை டெஸ்ஸா.

— அக்கா, வேண்டாம். அப்புறம் பேசிக்கலாம். நீ காபியைக் குடி.

— சும்மா இருடா ஹார்லன். அம்மாடி, அந்த பாட்டிலை நீ வெச்சுட்டுப் போன அன்னைக்கே திறந்து குடிச்சது நான், தண்ணி ஊத்தினதும் நான். நம்பலேன்னா மாடியில போர்வை வெக்கிற அலமாரியைத் திறந்து பாரு, கிளைட் இறந்து போனதுலேருந்து நான் காலி பண்ணதெல்லாம் அங்கதான் அடுக்கியிருக்கு.