கமலாட்சியின் படங்கு

பெயர் ஏரம்பு விமலேஸ்வரி. வயது 57. விதவை. தொழில் விவசாயம். வசிப்பது நெடுங்கேணி, வவுனியா வடக்கு. பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தபோது நான் சொல்வது:

எனக்குக் காட்டோரமாக ஐந்து ஏக்கர் மரமுந்திரிகைத் தோட்டம் உண்டு. இறந்துபோன கமலாட்சியும் அவளது மகள் சுமித்திராவும் சென்ற வருடம் முதல் என்னிடம் கொட்டை பொறுக்க வந்தவர்கள். கமலாட்சி மலையகத்தில் இருபது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். தேயிலைச் செடி கீறாமலிருக்க அங்கே படங்கு என்று தடித்த பெரிய துணியொன்றை மடித்து இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்களாம். அந்தப் பழக்கத்தை இங்கேயும் அவள் விடவில்லை. எங்களுக்குப் படங்கு என்றால் நிலத்தில் விரித்து நெல் காயப்போடுவது. அவள் அதைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்னடி, இஞ்ச தேயிலையே முளைச்சிருக்கு?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

சம்பவ தினம் காலை ஏழரை மணிக்கு இருவரும் வேலைக்கு வந்தார்கள். எல்லையில் நிற்கும் பாலை மரத்தில் பெரிய குளவிக்கூடு இருப்பதாகவும் அந்தப் பக்கம் இன்றைக்கு வேண்டாம் என்றும் கமலாட்சி சொன்னாள். வேலைக் கள்ளம் என்று நினைத்து, "உன்ர தேயிலைத் தோட்டக் கதையை இஞ்ச கதையாத" என்று ஏசினேன். அதன்பின் அவளது படங்கு மடிப்புப் புடைத்திருப்பதைக் கண்டு, கொட்டை ஒளிக்கிறாள் என்று மற்ற வேலையாட்கள் எல்லோர் முன்னிலும் அவிழ்க்கச் செய்து உதறினேன். வெற்றிலைப் பை மட்டும் விழுந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்திலேயே கோபம் கூடியது. "குளவி வந்தா மூடிக்கத்தாம்மா அது இருக்கு, குடுத்துருங்க" என்று கெஞ்சினாள். கொடுக்கவில்லை. சுமித்திராவையும் மற்றவர்களையும் தோட்டத்தின் மறு கோடிக்கு அனுப்பிவிட்டு, கமலாட்சியைப் பாலை மரத்தடியில் பொறுக்கச் சொன்னேன். அதன்பின் அவளைக் கண்காணிப்பதற்காகப் பக்கத்து நிழலில் படங்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் இருந்தேன்.

ஒன்பதரை மணியளவில் பருந்தொன்று கூட்டில் மோதிக் குளவி கலைந்தது. நான் எழுந்து படங்கையும் தூக்கிக்கொண்டு ஓட வெளிக்கிட்டேன். கமலாட்சி என்னிடம் ஓடிவந்து படங்கின் ஒரு மூலையைப் பிடித்தாள். நான் இழுத்தேன். அவளும் இழுத்தாள். அவளது கையில் கடித்தேன். விட்டுவிட்டாள். அதன்பின் அவள், "ஓடாதீங்கம்மா, குப்புறப் படுங்க, இழுத்து மூடிக்குங்க!" என்று கத்தினாள். அவள் சொன்னபடியே படுத்து மூடிக்கொண்டேன். அவளும் என் பக்கத்தில் குப்புறப் படுத்திருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் கேட்டது. "அசையாதீங்கம்மா, அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் படங்கைத் தூக்கவில்லை.

குளவி அடங்கிய பிறகு எழுந்து பார்த்தேன். முகம் யாருடையது என்று சொல்ல முடியாதபடி வீங்கியிருந்தது. உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். "எங்கம்மா படங்கு எங்கீங்க?" என்று சுமித்திரா என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். நான் வீதிக்கு ஓடித் தப்பியதாகவும் சொன்னேன். அது பொய். படங்கு அப்போது என் வீட்டில் இருந்தது. மறுநாள் தோய்த்துக் கொடியில் போட்டேன். பொலிசார் வந்து கொடியிலிருந்து எடுத்தது அதைத்தான்.

உமக்கு ஒரு கொட்டும் இல்லையே, எப்படி என்று பொறுப்பதிகாரி கேட்டதால் இவ்வளவும் சொன்னேன். வேறு எதுவும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. அந்தப் படங்கு இரண்டு பேர் போர்த்துப் படுக்கப் போதும். அவளது கையைக் கடிக்கும்போதே எனக்கு அது தெரியும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உண்மையென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஏ. விமலேஸ்வரி