ஒலி பெறாத கால்

தென்காசி, சிற்றாற்றங்கரைத் தரும மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து இன்று ஓய்வு பெறும் டாக்டர் கல்யாணசுந்தரி அம்மையார் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்

முறிந்தோர்க்கு முட்டுக்கொடுத்த மூதறிவே! எலும்பறிந்து, வலியறிந்து, இரக்கத்தை இரைச்சலின்றி ஈந்த ஈகையே! மாவுக்கட்டுக்குள் காலையும் மனத்துக்குள் கவலையையும் கட்டிவைத்த கண்ணியமே! வணக்கம்.

பாராட்டே வேண்டாம் என்றீர்கள். பதினேழு ஆண்டுகளில் தங்கள் சொல்லை நாங்கள் மீறுவது இதுவே முதல் முறை. வெளியே ஆனிச் சாரல். உள்ளே எங்கள் முகங்களும் அப்படித்தான் இருக்கின்றன.

சீசன்தோறும் அருவிப் பாறையில் வழுக்கியோரும், தென்னையிலிருந்து தவறியோரும், வண்டிச் சக்கரத்தில் கால் கொடுத்தோரும் தங்கள் கைபட்டு எழுந்து நடந்தனர். அதையே அடுக்கினால் மடல் இனிக்கும். தாங்கள் செவி கொடுக்க மாட்டீர்கள். ஆகவே, தாங்கள் மறக்காத ஒன்றையே சொல்லத் துணிந்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தசைவலிக்கென்று இங்கு ஒரு கருவி வந்தது; காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்புவது. அவ்வொலி, முறிவுக்குள் சோர்ந்து கிடக்கும் எலும்பு கட்டும் உயிரணுக்களைத் தட்டியெழுப்பும் என்று அயல்நாட்டு மருத்துவர் சிலர் எழுதினர். அளவு மிஞ்சினால் அவற்றையே கொன்றுவிடும் என்று வேறு சிலர் எழுதினர். எது மெய்யென்று அறியாமல் ஊரார் காலில் வைக்கத் தங்கள் மனம் ஒப்பவில்லை.

அப்போது கீழ்க்கால் எலும்பு மாதக்கணக்கில் கூடாமல் இருவர் கிடந்தனர்: வீரகேரளம்புதூர் நெல்லையப்பன், குற்றாலம் வல்லிநாயகம். யாருக்கு ஒலி என்று பூவா தலையா போட்டுப் பார்த்தீர்கள். இருவர் மாவுக்கட்டிலும் சன்னல் வெட்டி, எண்ணெய் தடவி, நாள்தோறும் கருவியின் தலையை வைத்துத் தேய்த்தீர்கள். நெல்லையப்பனுக்கு ஒலி பாய்ந்தது. வல்லிநாயகத்துக்கு விசை போடப்படவில்லை. கேளாத ஒலி ஆதலால் அவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

நெல்லையப்பன் கால் கூடியது. இனி வல்லிநாயகத்துக்கும் ஒலி தருவதென்று தாங்கள் முடிவெடுத்த வேளையில் அவர் காலில் சீழ் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்ததும் தாங்களே.

புண் ஆறியபின் அவர் கட்டிலருகே அமர்ந்து, விசை போடாததைத் தாங்களே சொன்னீர்கள். வார்டே கேட்டுக்கொண்டிருந்தது.

“எனக்கும் அதப் போட்டிருந்தா கூடியிருக்குமாம்மா?” என்றார் அவர்.

“தெரியாது, வல்லிநாயகம்” என்றீர்கள்.

“தெரியாதுன்னா சொல்லுதிய? வேற டாக்டருன்னா எந் தலைவிதின்னுல்லா சொல்லியிருப்பாக” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வீடு திரும்பும்வரை தங்களோடு அவர் பேசவில்லை.

நெல்லையப்பன் செய்தி பரவி, ‘சத்த வைத்தியம்’ கேட்டுக் கூட்டம் திரண்டது. ஒரு கால் கூடியதும் ஒரு கால் போனதும் எதற்கும் சாட்சியாகாது என்று சொல்லித் திருப்பியனுப்பினீர்கள். நிர்வாகம் முகம் சுளித்தது. வந்த பேர்புகழை யாராவது வாசலோடு அனுப்புவார்களா என்று நாங்களும் முணுமுணுத்தோம். கருவி இன்றும் துணி போர்த்திக் கிடக்கிறது. விடை அறியாமலே தாங்கள் விடைபெறுகிறீர்கள். அது எங்களுக்குத் தாங்க முடியாத துக்கமாக இருக்கிறது.

கைராசி என்று கொண்டாட ஊரே காத்திருந்தும், ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைக் கைவிடாத நெஞ்சுரமே! எத்தனையோ கால்களைக் கூட்டிய கைகளை ஊர் பாராட்டட்டும். நாங்கள் பாராட்டுவது அந்தச் சொல்லை.

காசி விசுவநாதர் திருவருளும், எங்களில் சிலர் தொழும் அல்லாஹ்வின் கருணையும் துணைநிற்க, நோயின்றி நெடுநாள் வாழ்க! இரவில் நல்ல உறக்கமும் தங்களுக்கு வாய்க்கட்டும்.

இம்மடலைத் தங்கள் கையில் தரும் உரிமையை வல்லிநாயகம் தாமே கேட்டு வாங்கியிருக்கிறார். வாசலில் நிற்கிறார். கட்டைக்காலோடு மேடைவரை வர அவருக்கு நேரமாகும். தாங்கள் எழுந்து எதிரே போக வேண்டாமாம்.

“நானே நடந்து வாரேன். அம்மா உக்காந்திருக்கட்டும்” என்றார்.

தங்கள் பிரிவால் வாடும்
மருத்துவமனை ஊழியர்கள்

எழுத்து: ஆதம், கம்பவுண்டர்
தென்காசி, 30-6-1967