கதவுக்கு ஒரு துணி வார்

முதலில் இந்த மேசையைக் கொஞ்சம் துடைத்துக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. யாரோ டீ கிளாஸை வைத்து வைத்து வட்டம் வட்டமாக ஆக்கியிருக்கிறார்கள். கையைச் சும்மா வைத்திருக்க எனக்கு வராது. ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் ஷோரூமில் ஆலோசகராக இருக்கிறேன். விற்பனையாளன் என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும்.

புகார் ஒரு பல் டாக்டர் மேல். தெருவுக்கொரு கிளினிக் வைத்து, ஊரார் வாய்க்குள் கைவிட்டுப் பிழைக்கிறவர். சூயிங்கம் மென்றபடி வருவார். தும்முவார், புறங்கையால் மூக்கைத் துடைப்பார், அதே கையால் ஸ்டியரிங்கைத் தடவுவார். போன பிறகு நான் துடைப்பேன். மறுபடி வருவார்.

அவர் பார்க்க வந்த காரில் இரண்டு வகை. ஒன்று சாதாரணம், சாலைக்குச் செய்தது. மற்றது பந்தய ட்ராக்குக்கென்றே செய்தது. அதில் பின்சீட் கிடையாது, தரைவிரிப்பு கிடையாது, சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு கிடையாது. உள்பக்கக் கதவுக் கைப்பிடியைக்கூடப் பிடுங்கிவிட்டு ஒரு துணி வார் தைத்திருப்பார்கள். எடை குறைகிறதாம். விலை மட்டும் ஏறும். இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு அதற்குக் கூடுதலாகக் கேட்டால்தான் பெரிய மனிதர்களுக்குத் திருப்தி.

டாக்டர் தன் தொப்பையை அந்த ஒடுக்கமான சீட்டுக்குள் இரண்டு தவணையாக இறக்கினார். "எடைதான் தம்பி எல்லாம். ஒவ்வொரு கிராமும் கணக்கு" என்றார். பிறகு என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "உன்னை இதை ஓட்ட விடுவாங்களா, இல்ல துடைக்க மட்டும்தானா?" தானே சிரித்தும் கொண்டார். அதற்காக நான் கோபப்படவில்லை. தொழிலில் இதெல்லாம் சகஜம்.

அவர் போன் பேச வெளியே போன நேரத்தில், கூட வந்திருந்த அவர் மனைவி என் அருகில் வந்தார்.

"சாப்டீங்களா தம்பி?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

"இவரு ஓட்டப்போறது வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான். மழையில இது வழுக்கும்னு எங்க அண்ணன் சொல்றாரு. நெசமா?"

"ரோட்டுல ரெண்டு வகையும் ஒண்ணுதாம்மா."

"நான் சொன்னா அவர்கிட்ட எடுபடாது. பக்கத்துல உக்காரப் போறவ நான், அதான் கேட்டேன்." அந்தத் துணி வாரை இழுத்துப் பார்த்தார். "இது தாங்குமா?"

"யானையே தொங்கலாம்மா."

சிரித்தார். நல்ல பெண்மணி. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

இரண்டும் ஒன்றில்லை, ஐயா. பந்தய வகையில் வருவது ட்ராக் டயர், சூடேறினால் பசை போலப் பிடிக்கும். ஈரத்தில் சோப்புக்கட்டி. அதனால் காரை ஒப்படைக்கும் முன் சாதாரண டயரை மாட்டி, ட்ராக் டயரைத் தனியாகக் கட்டிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். மெக்கானிக் கேட்கவும் செய்தார், "டயர் மாத்திடலாமா சார்?" என்று.

"வேணாம். டாக்டருக்கு இதுதான் வேணுமாம்."

டாக்டருக்கு டயரில் இரண்டு தினுசு இருப்பதே தெரியாது.

வண்டியைச் சனிக்கிழமை எடுப்பதாகப் பேச்சு. சனிக்கிழமை வெயில், வியாழக்கிழமை கனமழை என்று செய்தியில் சொன்னார்கள். நானே போன் போட்டேன். "வண்டி ரெடி சார். வேற ஒருத்தர் கண்ணு வச்சிருக்கார். வியாழக்கிழமையே எடுத்துடுங்க."

கொட்டும் மழையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "வழுக்காம பாத்துக்க ஏதோ சுவிட்ச் இருக்காமே?"

"ட்ராக் ஓட்டத் தெரிஞ்சவங்க அதை அணைச்சுட்டுத்தான் ஓட்டுவாங்க சார்."

அவரே அணைத்தார். என் விரல் அதில் படவில்லை. இதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா உள்ளே உட்கார்ந்து, வாரைப் பிடித்தபடி எனக்குத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன்.

பாலம் இறங்கியதும் வரும் முதல் வளைவு. கார் பக்கவாட்டில் சறுக்கிக் கம்பத்தில் மோதியது. மோதியது அந்த அம்மா இருந்த பக்கம். வார் பிய்ந்து அவர் கையோடு வந்திருந்ததாம். டாக்டருக்குத் தோளில் சின்னக் கீறல்.

வண்டியை எங்களிடமே இழுத்து வந்தார்கள். நான்தான் கழுவினேன். பக்கத்து சீட்டில் இருந்தது தண்ணீர் அடித்ததும் போய்விட்டது. டாஷ்போர்டில் டாக்டர் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம்தான் போகவில்லை. பல் அடையாளத்தோடு இருந்தது. அதைச் சுரண்டும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நேற்று அவர் போன் செய்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். "தம்பி, இன்சூரன்ஸ் வந்துடும். இந்தத் தடவ சாதாரணமே போதுமா, இல்ல பழைய மாதிரியே எடுத்துடலாமா? நீ சொன்னா சரி."

மனைவி போய் ஒரு மாதம் ஆகவில்லை. இவரெல்லாம் மனுஷனா, ஐயா? இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுதான் காலையிலேயே இங்கே வந்துவிட்டேன்.

அந்த ஆள் சாக வேண்டும் என்றுதான் டயரை மாற்றாமல் விட்டுவைத்தேன், மழை நாளைப் பார்த்தேன், சுவிட்சைச் சொன்னேன். பக்கத்தில் அந்த அம்மா இருப்பார் என்பதும் தெரியும். அவர்தானே சொன்னார். இதில் ஒன்றையும் நான் மறைக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு ஜென்மம் வெளியே நடமாடுவதை யாராவது கேட்க வேண்டாமா?

குற்றவாளி என்று அவரைப் போடுங்கள். என்னைச் சாட்சி என்று எழுதிக்கொண்டால் போதும்.