ஊதுனது யாரு

காளை: நெஞ்ச அழுத்துனது மட்டுந்தானா, வாயில ஊதவும் செஞ்சீகளா? அத மட்டும் சொல்லுங்க, நான் பாட்டுக்குப் போயிருவேன்.

அழகுபாண்டி: மொதலுதவி முகாமுக்கு வந்தா மொதல்ல இந்த ஸ்டூல்ல உக்காரணும்ணே. பிரஷர் பாத்துருவோம்.

காளை: பிரஷர் பாக்க வரல. மூணு ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி, இதே ஆத்துல, மணல் அள்ளுன குழிக்குள்ள ஒருத்தன் முங்கிப்போனான்ல…

அழகுபாண்டி: பச்சைக் கட்டம் போட்ட துண்டு.

காளை: துண்டு ஞாபகமிருக்கு. ஆளு ஞாபகமில்ல.

அழகுபாண்டி: அன்னைக்குப் படுத்திருந்தீங்க, இன்னைக்கு நிக்கிறீங்க. அதான் அடையாளம் தெரியல. ரோகிணி, இங்கிட்டு வா. நம்ம குழிக்காரர் வந்திருக்காரு.

ரோகிணி: …வாங்கய்யா. ஒடம்பு எப்படி இருக்கு? இருமல் இருக்கா? மூச்சு வாங்குதா?

காளை: மூச்சு நல்லாத்தான் வருது. அது யாரு மூச்சுன்னு கேக்கத்தான் வந்தேன்.

ரோகிணி: புரியலய்யா.

காளை: நீ ஏம்மா இம்புட்டு வெயில்ல மூஞ்சிய மூடியிருக்க?

ரோகிணி: தூசிங்கய்யா.

காளை: செரி. என் பேரு காளை. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஊரு. இங்கன மச்சினனுக்குப் பதினாறாம் நாள் காரியம்னு வந்தேன். வந்த எடத்துல குளிக்க எறங்குனேன்.

அழகுபாண்டி: கொஞ்சம் விட்டிருந்தா அடுத்த பதினாறாம் நாள் உங்களுக்கு.

காளை: என் பொண்டாட்டியும் அதத்தான் சொன்னா. விசயத்துக்கு வாரேன். எனக்கு ஒரு தம்பி, பேச்சிமுத்து. கெணத்துத் தண்ணியில தகராறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. அவன் முறையில நான் மோட்டாரப் போட்டேன்னு அவன் சொன்னான். என் முறையில அவன் போட்டான்னு நான் சொன்னேன்.

அழகுபாண்டி: உண்மையில யாருண்ணே போட்டது?

காளை: ரெண்டு பேருந்தான்.

அழகுபாண்டி: அப்ப சரியாப் போச்சுல்ல.

காளை: எங்க சரியாப் போச்சு. பதினோரு வருசத்துக்கு முன்னாடி கருப்பசாமி கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். அந்த வீட்டு ஆளுக கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன். அந்த வருசமே அவன் தோட்டத்த வித்துட்டு இந்தா இந்தக் கோச்சடைக்கு வந்துட்டான். பிள்ளைகுட்டிகளோட.

ரோகிணி: அதுக்கும் எங்களுக்கும் என்னய்யா?

காளை: ஊருக்குள்ள பேசிக்கிறாக. அன்னைக்கு என் வாயில ஊதுனது பேச்சிமுத்து வீட்டு ஆளுன்னு.

ரோகிணி: …யாரு சொன்னா?

காளை: யாரு சொன்னா என்ன. ஆவணியில என் மகளுக்குக் கல்யாணம். எங்க பேயாண்டிப் பூசாரி என்ன சொல்றாருன்னா, அந்த வீட்டு மூச்சு உள்ள போயிருந்தா சத்தியம் முறிஞ்சதுமாதிரியாம். முறிஞ்ச சத்தியத்தோட கல்யாணம் வச்சா பொண்ணுக்கு ஆகாதாம். போகலன்னா குறிச்ச தேதியிலயே வச்சுக்கலாமாம். இப்பச் சொல்லுங்க. ஊதுனது யாரு?

அழகுபாண்டி: அண்ணே, சத்தியத்துல தண்ணின்னுதான சொன்னீங்க?

காளை: தண்ணின்னுதான்.

அழகுபாண்டி: காத்துன்னு சொல்லலயே.

காளை: அதத்தான் நானும் பூசாரிகிட்டச் சொன்னேன். தண்ணிய விடக் காத்து பெருசுன்னுட்டாரு. தண்ணியில்லாம ரெண்டு நாள் இருந்துறலாமாம்.

அழகுபாண்டி: அது எங்க பாடத்துலயும் இருக்கு.

ரோகிணி: அதுக்காக சுபலட்சுமி கல்யாணத்த நிறுத்துவீங்களாய்யா?

காளை: மக பேர நான் சொல்லலயே.

ரோகிணி: …ஆஸ்பத்திரிச் சீட்டுல இருந்துச்சு.

காளை: என் சீட்டுல அவ பேரு எதுக்கு?

அழகுபாண்டி: கூட வர்றவங்க பேரு எழுதுவாங்கண்ணே.

காளை: கூட அவ வரலயே.

அழகுபாண்டி: வராதவங்க பேரும் எழுதுவாங்க.

காளை: ம்… அப்ப ஊதுனவங்க பேரையும் எழுதியிருப்பீக.

ரோகிணி: யாரு என்ன செஞ்சாங்கன்னு நாங்க வெளிய சொல்றதில்லய்யா. அது விதி. அன்னைக்கு ஆறு பேரு இருந்தோம். எல்லாருஞ் சேந்து செஞ்சதுதான்.

காளை: ஆறு பேருஞ் சேந்து ஊதுறதுக்கு நான் என்ன லாரி டயரா?

அழகுபாண்டி: முப்பது தடவ அழுத்துனா ரெண்டு தடவ ஊதணும்ணே. கை ஓஞ்சு போகும். மாத்தி மாத்தித்தான் செய்வோம்.

காளை: நோட்டு ஒன்னு வச்சிருப்பீகளே.

அழகுபாண்டி: இருக்கு.

காளை: அன்னைக்கி எழுதுனதக் காட்டு.

அழகுபாண்டி: அந்தப் பக்கம் நனஞ்சு போச்சு.

காளை: எப்படி நனஞ்சது?

அழகுபாண்டி: உங்க மேல இருந்த தண்ணிதான்.

ரோகிணி: சரிய்யா, சொல்லிர்றேன். விட மாட்டீங்க போல. ஊதுனது அழகுபாண்டி அண்ணன்தான்.

அழகுபாண்டி: நானா?

ரோகிணி: நீங்கதானண்ணே.

அழகுபாண்டி: …ஆமா. நாந்தான். மறந்துட்டேன்.

காளை: மறக்குற சமாச்சாரமா மாப்ள இது?

அழகுபாண்டி: மறக்கத்தாண்ணே மூணு வாரமாப் பாத்துக்கிட்டிருக்கேன்.

காளை: நீ எந்தப் பக்கம்?

அழகுபாண்டி: சிம்மக்கல். அப்பா பேரு சோலை, வெங்காய மண்டியில வேலை. பேச்சிமுத்துன்னு எங்க வம்சத்துலயே ஆளு இல்ல. நீங்க தைரியமா மேளத்துக்குச் சொல்லலாம்.

காளை: இம்புட்டு மீசை வச்சிருக்க. குத்தியிருக்கணுமே. எனக்கு ஒன்னும் குத்துனமாதிரி இல்லயே.

அழகுபாண்டி: நடுவுல ஒரு பிளாஸ்டிக் சீட்டு வச்சுத்தாண்ணே ஊதுவோம். நேரடியாப் படாது.

காளை: அப்ப வடிகட்டித்தான் வந்துச்சா.

அழகுபாண்டி: வடிகட்டுன காத்துதான். பூசாரிகிட்ட இதையும் சொல்லிப் பாருங்க.

ரோகிணி: அண்ணே, படித்துறையில ஒரு அம்மா கால்ல பாட்டில் கண்ணாடி குத்தி உக்காந்திருக்காங்க. கட்டுப் போட்டுட்டு வாரேன். நீங்க பேசிக்கிட்டிருங்க… ரொம்பப் பேசாதீங்க.

காளை: நல்ல சுறுசுறுப்பான பிள்ள.

அழகுபாண்டி: ஆமாண்ணே. காலேஜ் படிச்சப்பவே தொண்டு செய்யணும்னு இந்த முகாமுல வந்து சேந்துச்சு. ஞாயித்துக்கெழமைன்னா கல்யாணம் காச்சின்னு எதுக்கும் போகாது. இங்கதான் கெடக்கும்.

காளை: எங்க வீடு?

அழகுபாண்டி: கோச்சடை.

காளை: கோச்சடையில எங்கன?

அழகுபாண்டி: கோச்சடையிலதான்.

காளை: அப்பா பேரு?

அழகுபாண்டி: அப்பா… இருக்காரு.

காளை: இருக்காருங்கிறது பேரா?

அழகுபாண்டி: அம்மாவும் இருக்காங்க.

காளை: அன்னைக்கு அழுதுச்சா மாப்ள, இந்தப் பிள்ள?

அழகுபாண்டி: எதுக்குக் கேக்குறீங்க?

காளை: சும்மாதான்.

அழகுபாண்டி: உங்கள வண்டியில ஏத்துற வரைக்கும் கண்ணுல ஒரு சொட்டு இல்ல. வண்டி போனப்புறம் அந்தா அந்தப் புங்க மரத்தடியில உக்காந்து முக்கா மணி நேரம் அழுதுச்சு. எங்களால ஒன்னும் சமாதானம் பண்ண முடியல.

காளை: ஊதுனது நீ. அது எதுக்கு அழுவணும்?

அழகுபாண்டி: …நான் ஊதுனதப் பாத்துப் பயந்துருச்சு.

காளை: அந்தா, கட்டுப் போட்டுட்டு வந்துருச்சு.

ரோகிணி: என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?

அழகுபாண்டி: மீசையப் பத்தி.

ரோகிணி: வெயில் ஏறுதுய்யா. கெளம்பலயா நீங்க?

காளை: ஒன்னே ஒன்னு கேட்டுக்கிறேன். ஒருவேளை… பேச்சுக்குத்தான்… அது பேச்சிமுத்து வீட்டு ஆளாவே இருந்திருந்தா, என்ன நெனச்சு ஊதியிருக்கும்?

ரோகிணி: ஒன்னும் நெனக்க நேரம் இருக்காதுய்யா. எண்ணிக்கிட்டே இருக்கணும்.

காளை: பெறகு? வண்டி போன பெறகு?

ரோகிணி: பெறகு… பயந்திருக்கும். தெரிஞ்சா இவரு என்ன சொல்லுவாரோன்னு. இந்த உசுரே எனக்கு வேணாம்னு சொல்லிருவாரோன்னு. சந்தோசமாவும் இருந்திருக்கும். அம்புட்டு சந்தோசம் அதுக்கு முன்னாடி இருந்திருக்காது. வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட… அதோட அப்பாகிட்டச் சொல்லியிருக்கும். அவரு ரெண்டு நாளு சோறு தின்னுருக்க மாட்டாரு.

காளை: பேச்சிமுத்தா?

ரோகிணி: யாரா இருந்தாலும்யா.

காளை: ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பாத்திருக்கலாமே.

ரோகிணி: வந்திருப்பாரு. வார்டு வாசல்லயே நின்னுட்டுத் திரும்பியிருப்பாரு. உள்ள வந்தா நீங்க எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு.

காளை: கையில குளுக்கோஸ் ஊசியோட நான் எங்க போறது.

ரோகிணி: இன்னுமாய்யா அம்புட்டுக் கோவம்?

காளை: கோவம் எப்பவோ போச்சு. எந்த வருசம் போச்சுன்னு கூடத் தெரியல. சூடம் அணைச்சதுதான் போக மாட்டேங்குது.

ரோகிணி: அப்ப கல்யாணத்துக்கு அவங்களக் கூப்பிட மாட்டீங்க.

காளை: எப்படிக் கூப்பிடுறது? பொண்ணுக்குச் சித்தப்பன். வீட்டுக்கு நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சுத்தான் கூப்பிடணும். தபால்ல போட்டா மரியாத இல்ல. போன்ல சொன்னா அதவிடக் கேவலம். ஒத்தத் தம்பி இல்லாம பந்தல்ல நான் மட்டும் நின்னா, எனக்கே என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காது. இந்தா, இந்தப் பையப் பிடி.

ரோகிணி: நாங்க யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுய்யா. விதி.

காளை: எம்புட்டு விதிதான் வச்சிருக்கீக. பிடிச்சுத் தொறந்து பாரு.

ரோகிணி: வெத்தல… பாக்கு… பத்திரிகை. முகாமுக்காய்யா?

காளை: மேல பேரு எழுதியிருக்கு. வாசி.

ரோகிணி: திரு. பேச்சிமுத்து… குடும்பத்தார்.

காளை: ம்.

ரோகிணி: இத எதுக்கு எங்கிட்டக் குடுக்குறீங்க?

காளை: ஆத்தங்கரையில வாசப்படி கெடையாது. அதான் இங்க வந்தேன்.

அழகுபாண்டி: அண்ணே, பூசாரி? முறிஞ்ச சத்தியம்?

காளை: மூச்சுக்குப் பரிகாரமாக் கிடா வெட்டிப் பத்து நாளாச்சு மாப்ள. வாசப்படிக்குத் தனியா வெட்டணுமாம். கல்யாணத்துக்குள்ள இன்னொரு கிடாவுக்கு எங்க போறது.

அழகுபாண்டி: அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் இம்புட்டு நேரம் கேட்டீங்களா?

காளை: அதுவா வாயத் தொறந்து சொல்லும்னு பாத்தேன். மீசைக்காரன் மேல பழியப் போட்டுருச்சு.

ரோகிணி: …எப்படித் தெரியும் உங்களுக்கு?

காளை: மயக்கத்துல கெடக்குறவன 'ஐயா, ஐயா'ன்னு தட்டித்தான எழுப்பச் சொல்லிக் குடுத்திருப்பாக? நீ 'பெரியப்பா, பெரியப்பா'ன்னுல்ல என்னயத் தட்டுன.